பட்டா இருந்தால் பட்டறை போட்டுவிடலாமா?

போன வாரமும் ஒருவர் வந்தார். பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்தார். மதுரைக்கு வெளியே கடன் வாங்கி ஐந்து சென்ட் வாங்கியவர், அதில் மூன்று லேத்தை (இரும்பு கடையும் இயந்திரம்) இறக்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்தார், நோட்டீஸ் வந்துவிட்டது. "பத்திரம் சுத்தமாக இருக்கிறதே சார்" என்கிறார். இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம்தான் கேட்பது!

பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது. பத்திரமும் சொல்லாது. வரி ரசீது, வரி கட்டியதற்கு மட்டுமே அத்தாட்சி. மின் இணைப்பு கிடைத்துவிட்டது என்பதும், அடுத்த தெருவில் இரண்டு பேர் நடத்துகிறார்கள் என்பதும் அனுமதி ஆகாது. ஊரின் எந்தப் பகுதி எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நில உபயோகம் குறித்திருக்கிறது? குடியிருப்பா, வணிகமா, தொழிலா, வேளாண்மையா? கேள்வி அது ஒன்றுதான். குடியிருப்பில் தையல் போன்ற சிறு தொழிலுக்கு இடமுண்டு. மூன்று லேத்துக்கு இல்லை.

இந்த விதிகள் வெறும் தொல்லை என்று மதுரைக்காரர்களே சொல்லும்போதுதான் எனக்கு வருத்தம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக வளர்ந்த ஊர் இது. சித்திரைத் தேர் மாசி வீதி மூலையில் திரும்பும்போது பாருங்கள்: சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகி, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். வடம் பிடிப்பவர்கள் நிற்பதற்கும் சேர்த்து இடம் இருப்பதால்தான் அது நடக்கிறது. எங்களைப் போல நகரமைப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும்.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். ஊர் வெளியே விரிந்தது. பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அந்த வேலையின் மிச்சம். பிறகு ரயில் வந்தது, ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி மில் வந்தது. கே.புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டைக்கென்றே நிலம் ஒதுக்கினார்கள். இன்று புதூர்ப் பேட்டையைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. பட்டறைக்குள் வீடும் வீட்டுக்குள் பட்டறையும் புகுந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி போகும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணோடு உங்கள் பகுதியின் நகரமைப்புத் திட்ட அலுவலகத்துக்குப் போய் நில உபயோகத்தைக் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பட்டறை வைப்பவர்கள் முதலில் தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசு நிறுவனமான சிட்கோவில் விசாரியுங்கள். ஒன்றே ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன்: முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது வந்து பாருங்கள். நில உபயோகத்தைக் காட்டும் வரைபடத்தில் உங்கள் தெருவுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்றாவது பாருங்கள்.

அந்த மூன்று லேத்துக்கும் இப்போது கப்பலூரில் வாடகை இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். ஐந்து சென்ட்டுக்கான தவணையும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.