மஞ்சள் உருண்டை நீலமாகும் நேரம்

மினசோட்டாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த 11 வயதுச் சிறுமி ரைலி, புதிய பள்ளியின் முதல் நாளன்று, உறைந்த ஏரியில் குடும்பத்தோடு ஹாக்கி ஆடியதைச் சிரித்த முகத்துடன் சொல்லத் தொடங்குகிறாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் தழுதழுக்க, வகுப்பின் முன் அழுதுவிடுகிறாள். பீட் டாக்டர் இயக்கத்தில் 2015-இல் வெளிவந்த ‘இன்சைடு அவுட்’ அனிமேஷன் படத்தில், உணர்வுகள் தலைக்குள் வாழும் பாத்திரங்கள்; நினைவுகள் உணர்வின் நிறம் கொண்ட உருண்டைகள், மகிழ்ச்சிக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம். அந்நேரம் ரைலியின் தலைக்குள் மஞ்சளாக ஒளிரும் நினைவு உருண்டையைச் சோகம் என்னும் பாத்திரம் தொட, அது நீலமாகிறது. வெறும் கற்பனை என்று தோன்றும் இந்தக் காட்சியே படத்தில் அறிவியலுக்கு மிக நெருக்கமானது என்பேன்.

புதிய அனுபவம் ஒன்று மூளையில் நிலைபெற வேண்டுமானால், நரம்பு செல்கள் புதிய புரதங்களை உருவாக்கித் தமக்கிடையே உள்ள இணைப்புகளை உறுதிப்படுத்த வேண்டும். அவ்வாறு ஒருமுறை உறுதிப்பட்ட நினைவு பிறகு அசையாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், ஜோசப் லெடூ உள்ளிட்டோர் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்தை ஆட்டம் காணச் செய்தது. ஓர் ஒலியைக் கேட்டதும் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகளைப் பழக்கினார்கள்; அந்த அச்சம் பதிந்த பின், ஒலியை மட்டும் மீண்டும் கேட்கச் செய்து, உடனே புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்தை, அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் செலுத்தினார்கள். மறுநாள் அந்த எலிகளின் அச்சம் பெரிதும் குறைந்திருந்தது. ஒலியைக் கேட்காமல் மருந்தை மட்டும் பெற்ற எலிகளோ முன்போலவே அஞ்சின. நினைவுகூரும்போது நினைவு இளகுகிறது, அதை மூளை மறுபடியும் உறுதிப்படுத்தியாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

இளகிய அந்த நேரத்தில் இன்றைய மனநிலையும் உள்ளே கலக்கலாம். எல்லா நினைவுகளும் ஒவ்வொரு முறையும் இப்படி இளகுவதில்லை. பழையதும் ஆழப் பதிந்ததும் எளிதில் அசைவதில்லை. மேலும், இந்த மறுபதிவுக்குச் சில மணி நேரம் தேவை. ஆகவே வகுப்பில் ரைலிக்கு நொடியில் வந்த அழுகை, அன்றைய ஏரியும் இன்றைய தனிமையும் மனத்தில் அருகருகே நின்றதால் வந்தது. ஏரியின் நினைவு நிறம் மாறிப் பதிவது, மாறுமானால், அதற்குப் பிறகுதான்.

படத்தின் உருண்டைகளையும் அவை அடுக்கப்படும் அலமாரிகளையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரே நிகழ்வின் காட்சி ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலுமாக மூளையில் சிதறியே இருக்கின்றன. ஆனால் ரைலி உறங்கும்போது அன்றைய நினைவுகள் நீண்டகாலச் சேமிப்புக்குப் போவதாகக் காட்டியது சரியே. உறக்கத்தில், புதிய நினைவுகளை உருவாக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி பகற்பொழுதின் அனுபவங்களை மீள இயக்கி, மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியில் பதியச் செய்கிறது.

படக்குழுவுக்கு ஆலோசனை வழங்கியவர்கள் உணர்வு ஆய்வாளர்களான பால் எக்மனும் டாகர் கெல்ட்னரும். சோகம் பிறரை அருகில் அழைக்கும் என்ற கருத்து கதையின் திருப்பத்தில் தெளிவாகத் தெரிகிறது. மகிழ்ச்சி என்னும் பாத்திரம் ஒரு பழைய உருண்டையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறது: ஹாக்கிக் குழுவினர் ரைலியைத் தூக்கிக் கொண்டாடும் அந்த மஞ்சள் நினைவின் தொடக்கத்தில், வெற்றிக் கோலைத் தவறவிட்ட அவள் மரக்கிளையில் தனியே அமர்ந்திருக்கிறாள், பெற்றோர் அருகில் வந்து ஆறுதல் சொன்னது அவளுடைய துயரத்தைக் கண்டுதான். இறுதியில், ஊர் ஏக்கத்தை அவள் பெற்றோரிடம் சொல்லி அழுது முடித்ததும் உருவாகும் புதிய உருண்டையில் நீலமும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கின்றன.