'என் வார்டுல தப்பே நடந்ததில்லை மேடம்'

போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்சிங் சூப்பர்வைசர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. குழுவில் வெளியாள் ஒருவர் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஆறு பேர். ஐந்து சிஸ்டர்கள், ஒரு பிரதர். எல்லோருக்குமே பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ். ஆறு பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். "உங்க பொறுப்புல இருந்தப்போ நடந்த ஒரு தவறைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

ஐந்து பேர் சொன்ன பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "என் வார்டுல தப்பே நடந்ததில்லை மேடம்." அதில் ஒருவர் நெஞ்சில் கை வைத்து, "நடக்க விடமாட்டேன்" என்றார்.

பல வருஷமாக இதே பதிலைக் கேட்டுக்கேட்டுச் சலித்துவிட்டது. சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் வேதனை. நிஜமாகவே நம்புகிறார்கள். தவறே இல்லாத வார்டு என்றால் நல்ல இன்சார்ஜ், தவறைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று யாரோ எங்கேயோ இவர்கள் மண்டையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள் சிஸ்டர். ஒரு ராத்திரியில் உங்கள் கேஷுவால்டிக்குள் எத்தனை பேர் வந்து போகிறார்கள்? ஒரே நேரத்தில் இரண்டு முருகன்கள் படுத்திருப்பார்கள், இருவருக்கும் வயது ஐம்பத்திரண்டு. டாக்டர் போனில் டோஸ் சொல்வார், பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழும். ஒரே ட்ரேயில் ஒரே அளவு ஆம்பூல்கள் (ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பிகள்), எழுத்தோ எறும்பு சைஸ். டியூட்டியில் மூன்று பேர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பேர். இப்படிப்பட்ட இடத்தில் வருஷக்கணக்கில் ஒரு தவறுகூட நடக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தோன்றுவது இரண்டுதான். ஒன்று, நடந்தது உங்கள் கண்ணில் படவில்லை. இல்லையென்றால், பார்த்தவர்கள் உங்களிடம் வந்து சொல்லப் பயப்படுகிறார்கள். முதலாவதாக இருந்தால் நீங்கள் தூங்குகிறீர்கள். இரண்டாவதாக இருந்தால் அது இன்னும் மோசம்.

நம் ஊரில் இன்சிடென்ட் ஃபார்ம் (தவறு நடந்தால் எழுதிக் கொடுக்கிற படிவம்) என்றாலே மெமோ என்றுதான் அர்த்தமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் தப்பான ஆம்பூலை உடைத்துவிட்டு, ஏற்றுவதற்கு முன் லேபிளைப் பார்த்துச் சுதாரித்துக் கீழே ஊற்றிவிடுகிறாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மயிரிழைத் தப்பல்தான் நமக்குக் கிடைக்கிற இலவச எச்சரிக்கை. அவள் அதை உங்களிடம் சொன்னால் நாளைக்கே அந்த இரண்டு ஆம்பூலையும் தனித்தனி டப்பாவில் வைக்கலாம். போன தடவை ஒருத்தி சொன்னபோது நீங்கள் ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தால் இவள் எப்படிச் சொல்வாள்? உடைந்த கண்ணாடியை ஷார்ப்ஸ் டப்பாவில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அடுத்த மாதம் வேறொருத்தி கையில் அது உள்ளேயே போய்விடும். அது பொட்டாசியம் குளோரைடாக இருந்தால் இதயமே நின்றுவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. (அடர் பொட்டாசியம் இன்னும் உங்கள் வார்டு அலமாரியில் இருக்கிறதா? முதலில் அதை எடுத்து பார்மசிக்கு அனுப்புங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.)

என் கதையையே சொல்கிறேன். நான் இன்சார்ஜ் ஆகி எட்டு மாதம் இருக்கும். விடிகாலையில் பூச்சிமருந்து குடித்த கேஸ் ஒன்று. வாயெல்லாம் நுரை, ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் இறங்குகிறது. மூச்சுக்குழாயில் டியூப் போட டாக்டர் கை நீட்டுகிறார். தொண்டைக்குள் பார்க்கிற விளக்குக் கருவி, லாரிங்கோஸ்கோப்பைத் திறந்தால் வெளிச்சம் இல்லை. பிளேடை மாற்றினோம், அப்போதும் இல்லை. கைப்பிடியைத் திருகிப் பார்த்தால் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது. ஐ.சி.யு.விலிருந்து வேறொன்றை எடுத்துவர அட்டெண்டர் ஓடினார். அவர் வரும்வரை நான்கு நிமிஷம் கையால் மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். பையன் பிழைத்துவிட்டான். டியூட்டி முடிகிற நேரத்தில் கிராஷ் கார்ட் (அவசர மருந்து, கருவி வண்டி) ரெஜிஸ்டரைப் புரட்டினேன். முந்தின நாள் காலை, லாரிங்கோஸ்கோப் என்ற வரிக்கு நேராக ஒரு டிக். பக்கத்தில் கையெழுத்து. என்னுடையது. திறந்து பார்க்காமலே, தினமும் போடுகிற மாதிரி போட்டது.

அன்றைக்கு நானே என் பெயரில் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அந்தப் படிவத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றினோம். 'உள்ளதா' என்று இருந்ததை 'எரிகிறதா' என்று ஆக்கினோம். சரிபார்த்ததும் எண் போட்ட சீல், ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் இரண்டு பேரும் கையெழுத்து. அதற்குப் பிறகு நான் போன நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். யாரும் எனக்கு வேலை தராமல் போகவில்லை.

ஆறாவதாக வந்த பிரதர் சின்ன ஊர் மருத்துவமனைக்காரர். ஆங்கிலம் தடுமாறியது, "தமிழ்லயே சொல்லுங்க" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு நோயாளிகளின் ரத்த சாம்பிளில் லேபிள் மாறிப்போன கதையைச் சொன்னார். பழைய ரெக்கார்டில் இருந்த குரூப்போடு ஒத்துவராததால் பிளட் பேங்க்காரர்தான் கண்டுபிடித்தாராம். "அந்தப் பொண்ணைத் திட்டலை மேடம். அன்னைக்கு அவ தனியா பத்து பேரைப் பார்த்தா. டியூபை எல்லாம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து மொத்தமா லேபிள் ஒட்டுற பழக்கம்தான் தப்பு. அடுத்த நாள்லேருந்து லேபிளும் பேனாவும் ட்ரேயோட பெட்டுக்கே போயிடும்" என்றார். ஜூனியர் தலையில் கட்டவில்லை, தன்னையே மார்பில் அடித்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, எட்டு பெட்டும் நிறைந்திருக்கிறது, ஒரு ஸ்டாஃப் வரவில்லை. 108-லிருந்து போன்: வேன் கவிழ்ந்து ஆறு பேர் வருகிறார்கள். காய்ச்சலுக்கு வந்தவரின் சொந்தக்காரர்கள் வாசலில் சத்தம் போடுகிறார்கள். என்ன செய்வீர்கள்? "நானே இறங்கி ஐ.வி. லைன் போட ஆரம்பிச்சுடுவேன் மேடம்" என்கிறார்கள், பெருமையோடு. உங்களுக்கு லைன் போட வரும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு கையில் கேன்யுலாவோடு குனிந்திருக்கும்போது உங்கள் முதுகு வாசலைப் பார்த்து இருக்கிறது. வாசலில் யார் சிவப்பு (உடனே பார்க்கவேண்டியவர்), யார் மஞ்சள் (கொஞ்சம் காத்திருக்கலாம்) என்று பிரிப்பது யார்? எட்டில் எந்த இரண்டு பேரை வார்டுக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேட்பது யார்? கத்துகிறவர்களிடம் போய் "இன்னும் இருபது நிமிஷம் ஆகும், காரணம் இது" என்று சொல்வது யார்? அந்த பிரதர் பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்டார். "மானிட்டர் எத்தனை மேடம்? பிளட் பேங்க் இங்கேயே இருக்கா?" அப்படித் தாராளமாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு எரிச்சல், 'உடனே'. "நெஞ்சுவலின்னு வர்றவருக்கு இ.சி.ஜி. எப்போ எடுப்பீங்க?" "உடனே மேடம்." உடனே என்பது கணக்கு இல்லை. வந்த 10 நிமிஷத்துக்குள் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கிற அளவு. உங்கள் இடத்தில் போன மாதம் எத்தனை பேருக்கு அதைத் தாண்டியது? 72 மணி நேரத்துக்குள் அதே தொந்தரவோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனவர்கள்? என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தர அங்கீகாரம்) ஆய்வு வரும்போது மட்டும் தேடுகிற எண்கள் இல்லை இவை. தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர் நாக்கு நுனியில் இருக்கவேண்டும்.

விபத்து கேஸ் என்றால் போலீஸுக்குத் தகவல் கொடுத்துவிட்டுத்தான் தொடுவோம் என்று 2020-களிலும் ஒருவர் சொல்கிறார். முதலில் உயிர், அப்புறம்தான் காகிதம் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லி முடித்தது 1989-ல். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது 2021 டிசம்பரில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக. இவர் வேலை பார்க்கும் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. மருத்துவமனை ஊழியர்கள் மேல் கை வைப்பதைப் பிணையில் விடமுடியாத குற்றமாக்கிய 2008-ஆம் வருஷச் சட்டம் பற்றிக் கேட்டால், "செக்யூரிட்டியைக் கூப்பிடுவோம்" என்பதோடு சரி. உங்கள் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு அடி விழுந்தால் யாரிடம் எழுதிக் கொடுப்பது என்றாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

வேகமாகச் சில விஷயம். நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்தாயிற்றா என்று கிளம்புவதற்கு முந்தின நாள் பார்க்காதீர்கள். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்கிற உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு வருஷம்தான் செல்லும். 2019-ல் வாங்கியதை லேமினேட் செய்து நீட்டினால் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பழைய மருத்துவமனையைத் திட்டாதீர்கள், நாளைக்கு எங்களையும் இப்படித்தான் திட்டுவீர்கள் என்று எழுதிக்கொள்வோம். "டாக்டர் தப்பான டோஸ் சொன்னா?" என்ற கேள்விக்கு, "டாக்டர் சொன்னா செய்வோம் மேடம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. திரும்பச் சொல்லிக் காட்டுங்கள், சந்தேகம் தீரும்வரை கொடுக்காதீர்கள், மேலே யாரைக் கூப்பிடவேண்டும் என்று தெரிந்து வைத்திருங்கள்.

ஒருவர் தன் திறமையைக் காட்ட மொபைலை எடுத்து, கால் நசுங்கிய ஒரு நோயாளியின் படத்தைக் காட்டினார். முகம் தெளிவாகத் தெரிந்தது. அதோடு அவருடைய தேர்வு முடிந்தது. காரணம் அவருக்குப் புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஆங்கிலம் வரவில்லை என்று தலை குனிகிற பிள்ளைகளிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேச்சு தமிழில் இருக்கட்டும், பரவாயில்லை. ஆனால் ரிப்போர்ட்டும் மெயிலும் ஆங்கிலத்தில்தான் போகிறது. தினமும் நான்கு வரி எழுதிப் பழகுங்கள். கல்ஃபுக்கும் ஜெர்மனிக்கும் போக ராத்திரி டியூட்டி முடித்து மொழி வகுப்புக்கு ஓடுகிற உங்களால் இது முடியாதா?

மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களையும் விடப்போவதில்லை. ஐந்து சிஸ்டர்களிடமும், "குழந்தைங்களை யார் பார்த்துப்பாங்க?" என்று பக்கத்திலிருந்த எச்.ஆர். கேட்டார். பிரதருக்கும் இரண்டு குழந்தைகள். அவரிடம் கேட்கவில்லை. நான் எச்.ஆரைப் பார்த்தேன், அவர் ஃபைலைப் பார்த்தார். இந்தக் கேள்வி வந்தால், "ரோஸ்டர்ல போட்ட டியூட்டிக்கு வருவேன் சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மாமியார் உடல்நிலை வரைக்கும் விளக்கம் கொடுக்கவேண்டாம்.

கடைசியில், "ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். "ஒண்ணுமில்ல மேடம்" என்று ஐந்து பேரும் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிரதர் மட்டும் ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கேஷுவால்டியில் இப்போது எத்தனை போஸ்ட் காலி, போன வருஷம் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், ஆள் எடுக்கும்போது சூப்பர்வைசரைக் கேட்பீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எச்.ஆர். தொண்டையைச் செருமினார். ஏழு போஸ்ட் காலியாக இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.