பழைய பின்பால் மிஷின் ஏன் இழுக்கிறது?

நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலம்தான் அதிகம் வந்து விழும். உளவியலாளர்கள் கண்ட இந்தப் போக்கை 'நினைவு மேடு' என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்த மேசையில் உலோகப் பந்தை மட்டையால் அடித்துப் புள்ளி சேர்க்கும் பின்பால் மிஷின்களைச் சேகரிப்பவரின் ஆசைப்பட்டியலிலும் பெரும்பாலும் இந்த மேடுதான் ஒளிந்திருக்கிறது. அதனால் 'சிறந்த மிஷின்' தரவரிசைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் சத்தம் இன்னும் உங்கள் காதில் இருக்கிறது?

1960களின் மிஷினில் கணினிச் சில்லு எதுவும் கிடையாது. ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்), காயில்கள் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்கள்), ஒரு சிறு மோட்டார், அவ்வளவுதான் மூளை. பந்து பம்பரில், அதாவது அதை உதைத்துத் தள்ளும் முட்டுத் தூணில் பட்டதும் ஒரு ஸ்விட்ச் மூடும், எண் உருளை ஒரு படி நகரும். கூடவே இன்னொரு காயிலின் தண்டு எழும்பி உலோகப் பட்டையைத் தட்டும். பல மிஷின்களில் 10 புள்ளிக்கு ஒரு பட்டை, 100க்கு வேறொன்று, 1000க்கு இன்னொன்று. தலை நிமிராமலே காதால் கணக்கு வைக்கலாம்!

1970களின் கடைசியில் மைக்ரோபிராசசர் வந்ததும் ஓசை ஒலிபெருக்கிக்கு மாறியது. 1979ல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் கோர்கர் என்ற மிஷின் பேசவே ஆரம்பித்தது. அப்புறம் ஒளிப்புள்ளிகளால் படம் காட்டும் 90களின் புள்ளித் திரை. 1992ல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி மிஷின் 20,000க்கு மேல் விற்றது. அதில் ஆடுகளத்துக்கு அடியில் இருக்கும் மின்காந்தங்கள் பந்தைத் திடீரென்று திசை திருப்பும். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். பதினைந்து வயதில் அதைப் பார்த்தவர் மறப்பாரா என்ன?

சரி, பெயரைப் பார்த்து வாங்கினால் போதுமா? போதாது. விரல் வேறொன்றைத் தேடும். 1947ல் ஹம்ப்டி டம்ப்டி மிஷினில் முதன்முதலாக வந்த ஃபிளிப்பர்தான் அது, பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் சிறு மட்டை. அதன் காயிலில் பொதுவாக இரண்டு சுற்றுகள். தடித்த கம்பிச் சுற்று முழு பலத்தோடு இழுக்கும். மட்டை மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சிறு ஸ்விட்ச் அதைத் துண்டித்துவிட, மெல்லிய சுற்று மட்டையைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இருந்தால் காயில் கருகிவிடும். அந்த ஸ்விட்சின் முனை கறுத்தாலோ, காயிலுக்குள் இருக்கும் உறை தேய்ந்தாலோ, 80 கிராம் பந்து ராம்ப் என்ற சரிவுப் பாதையில் பாதி ஏறித் திரும்பிவிடும். படம் அதேதான், பெயர் அதேதான், ஆனால் ஏதோ குறைகிறது. பெயின்ட் உரிந்த பெட்டியை மன்னிப்பேன், தளர்ந்த ஃபிளிப்பரை மாட்டேன்.

இன்னொன்று அந்த 'டொக்'. இலவச ஆட்டம் கிடைத்தால், ஒரு காயில் தண்டு பெட்டிக்குள் ஓங்கி அறையும். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னாளில் சில மிஷின்கள் அதையும் ஒலிபெருக்கியிலேயே ஒப்பேற்றின. அந்த ஒரு அறைக்காகவே அந்த அறையும் கருவியை, அதாவது நாக்கரைத் தனியாக வாங்கி உள்ளே பொருத்திக்கொள்கிறவர்கள் உண்டு.