தேய்த்துவிடும் கை

இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து, விளக்கைப் போடாமல் நடந்து, கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அந்தச் சில நொடிகளை நிதானமாக நினைத்துப் பாருங்கள். இடித்துவிட்டோம் என்பது உடனே தெரிகிறது. கூடவே சுரீரென்று ஒரு குத்தல். பிறகு ஒரு சின்ன இடைவெளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பெரிய வலி இனிமேல்தான் வரப்போகிறது என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அது வந்து சேர்கிறது, விண்விண்ணென்று, காலையே கழற்றி வைத்துவிடலாம் போல.

இந்த இடைவெளிக்குக் காரணம் நரம்புகளின் வேக வித்தியாசம். கால்விரலில் இருந்து முதுகுத்தண்டு வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். தொடுதலைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகளுக்குக் கொழுப்பு உறை உண்டு. அவற்றில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை பாய்கிறது. சுரீர் என்ற முதல் குத்தலைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் வேகம் 5 முதல் 30 மீட்டர். விண்விண் என்ற இரண்டாம் வலியைச் சுமப்பவை மிக மெல்லியவை, உறையே இல்லாதவை. அவற்றில் செய்தி நொடிக்கு அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரைதான் நகர்கிறது. அதாவது, நாம் நடக்கும் வேகம். நம்மை உட்கார வைத்துவிடும் அந்த வலி காலில் இருந்து முதுகுக்கு நடந்தே வருகிறது.

அது நடந்து வந்துகொண்டிருக்கும்போதே நம் கை என்ன செய்கிறது? யாரும் சொல்லாமலேயே குனிந்து விரலைப் பிடித்து அழுத்துகிறது, தேய்க்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டாலும் இதுதான், தலையை நிலைப்படியில் முட்டிக்கொண்டாலும் இதுதான். தேய்த்தால் வலி குறைகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். ஏன் குறைகிறது என்பதற்கு ஓரளவு ஒப்புக்கொள்ளத்தக்க விடை 1965ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், பிரிட்டனைச் சேர்ந்த நரம்பியலாளர் பேட்ரிக் வால் இருவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அது. அவர்கள் முன்வைத்த கருத்துக்கு 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' என்று பெயர்.

அதற்கு முன்பு வரை வலியைப் பலரும் கோயில் மணிக் கயிறு போலவே எண்ணிவந்தார்கள்: கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும், எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு சத்தம். மெல்சாக்கும் வாலும் வேறொன்றைச் சொன்னார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போவதற்கு முன் முதுகுத்தண்டின் பின்பகுதியில் ஒரு வாசலைக் கடக்க வேண்டும். அங்கே சிறிய நரம்பணுக்கள் காவல் இருக்கின்றன. தொடுதலைச் சுமக்கும் தடித்த இழைகள் அந்தக் காவலணுக்களைத் தூண்டிவிடுகின்றன. அவை வலிச் செய்தியை மேலே கடத்தும் அணுக்களை அடக்குகின்றன. விரலைத் தேய்க்கும்போது நாம் செய்வது, வேகமாக ஓடும் தொடுதல் செய்திகளை அந்த வாசலுக்கு வெள்ளமாக அனுப்பி, வலிக்கு வழி குறுகும்படி செய்வதுதான். அடிபட்ட இடத்தில் பாட்டி ஊதிவிடுவதும் இதே வகைதான். காற்றும் குளிர்ச்சியும் தோலுக்கு ஒரு தொடுதல்.

அவர்கள் வரைந்த நரம்பு வரைபடத்தின் சில இணைப்புகள் பின்னாளில் திருத்தப்பட்டன. ஆனால் வலி வழியிலேயே கூட்டப்படவும் குறைக்கப்படவும் முடியும் என்ற அடிப்படை அசையவில்லை. பிசியோதெரபி நிலையங்களில் தோலில் பட்டை ஒட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கோட்பாட்டில் பிறந்த கருவி.

இதுவரை சொன்னது நம் விரலை நாமே தேய்த்துக்கொள்வதைப் பற்றி. இன்னொருவர் கை வரும்போது கதை இன்னும் சுவையாகிறது.

தமிழில் தேய்ப்பது வேறு, வருடுவது வேறு. அழுத்தமும் வேகமும் இருந்தால் தேய்ப்பது. மெதுவாக, பட்டும் படாமலும் போனால் வருடுவது. தோலின் நரம்புகளும் கிட்டத்தட்ட இதே பாகுபாட்டை வைத்திருக்கின்றன. முடி முளைக்கும் தோலில், அதாவது முன்கை, முதுகு, முகம் போன்ற இடங்களில், வலியிழைகளைப் போலவே மெல்லிய, மெதுவான இன்னொரு வகை இழைகள் நிறைய இருக்கின்றன. ஸ்வீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள் மயிரிழை போன்ற ஊசி முனையை நரம்புக்குள் செலுத்தி, இவற்றின் துடிப்பை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். ரொம்ப வேகமாகத் தடவினால் இவை சரியாகத் துடிப்பதில்லை, ரொம்ப மெதுவாகத் தடவினாலும் இல்லை. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் நன்றாகத் துடிக்கின்றன. தொடும் பொருள் மனிதத் தோலின் கதகதப்பில் இருந்தால் இன்னும் நன்றாகத் துடிக்கின்றன. தூங்கவைக்கும் தாயின் கை குழந்தையின் முதுகில் போகும் வேகம் அநேகமாக இதுதான். எங்கே தொட்டார்கள், எவ்வளவு அழுத்தினார்கள் என்ற விவரங்களை மற்ற இழைகள் சொல்லிவிடும். இந்த இழைகள் மூளைக்குச் சொல்வது, தொடுதல் இதமாக இருக்கிறது என்பதை.

சிறுவயதில் நான் மரத்திலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், என் பாட்டி காயத்தைப் பார்ப்பதற்கு முன் என் முதுகைத்தான் தடவுவார். காயம் காலில் இருக்க முதுகை ஏன் தடவுகிறார் என்று அப்போது புரியவில்லை.

கைக்கு அடுத்தது குரல். முதுகுத்தண்டு வாசலுக்குக் கீழிருந்து மட்டுமல்லாமல் மேலிருந்தும் உத்தரவு வருகிறது. நடுமூளையில் இருக்கும் ஒரு சாம்பல்நிறப் பகுதியிலிருந்து இறங்கும் நரம்புகள், அபினைப் போன்ற வேதிப்பொருள்களின் துணையோடு அந்த வாசலைச் சாத்த முடியும். இப்படிப்பட்ட பொருள்களை உடலே தயாரிக்கிறது என்பது 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கண்டறியப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1978இல், அமெரிக்காவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்தே இல்லாத ஊசியைப் போட்டபோதும் சிலருக்கு வலி குறைந்தது. அதில் வியப்பில்லை, நம்பிக்கையால் வலி குறைவது முன்பே தெரிந்ததுதான். ஆனால் அபினிலிருந்து எடுக்கப்படும் வலிநிவாரணியான மார்ஃபீனின் வேலையைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அவர்களுடைய வலி மறுபடி கூடியது. மார்ஃபீன் கொடுக்கப்படாத உடம்பில் அந்த மருந்து எதைத் தடுத்தது? உடம்பு தானே சுரந்துகொண்ட வலிநிவாரணியை என்றுதான் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். "சரியாகிவிடும்" என்ற நம்பிக்கைக்கு ஒரு வேதியியல் உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை அதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை.

அப்படியானால் என்ன சொல்கிறோம் என்பது முக்கியமாகிறது. நம் ஊரில் ஊசி போடும்போது செவிலியர்கள் அன்போடு சொல்வது, "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்". 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஏறக்குறைய இந்த வாக்கியத்தையே சோதித்தது. பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும்போது, ஒரு பாதியினரிடம் "பெரிய தேனீ கொட்டுவது போல் இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்" என்றார்கள். மறுபாதியினரிடம் "இந்த மருந்து அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும், உங்களுக்குச் சிரமம் இருக்காது" என்றார்கள். ஊசியும் மருந்தும் ஒன்றே. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது, முதல் குழுவின் நடுமதிப்பு 5, இரண்டாம் குழுவின் நடுமதிப்பு 3. எறும்பை விட்டுவிட்டு மருந்து என்ன செய்யும் என்று சொன்னால் போதும் என்று தோன்றுகிறது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. தடுப்பூசி போடும் அறையில் "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது குழந்தையின் அழுகை பெரும்பாலும் குறைவதில்லை, சில ஆய்வுகளில் கூடியே இருக்கிறது. கவலை தோய்ந்த குரலைத்தான் குழந்தை கேட்கிறது. கவனத்தை வேறு பக்கம் திருப்புவதே நன்றாக வேலை செய்கிறது. விழுந்த குழந்தையைத் தூக்கி, தரையை நாலு அடி அடித்து, "அதோ பார் காக்கா" என்று காட்டும் வழக்கத்தை மூடத்தனம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது வலி பற்றிய ஆய்வுகள் அல்ல, காயம் ஆறுவது பற்றியவை. வலி மனம் சார்ந்தது என்று ஒருவர் வாதிடலாம். தோல் கூடுவதை அப்படிச் சொல்ல முடியாது. அதை அளவுகோல் வைத்து அளக்கலாம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவரது குழுவினரும் அளந்தார்கள். மறதிநோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்கள், அவர்களை ஒத்த வயதும் வருமானமும் உள்ள வேறு 13 பெண்கள். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சின்னக் காயம். 1995இல் வெளியான முடிவின்படி, மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாட்களில் ஆறிய காயம் பராமரிப்பாளர்களுக்கு ஆற 48.7 நாட்கள் ஆனது. ஒன்பது நாள் வித்தியாசம்.

அதே குழு 2005இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வுக்காக 42 தம்பதிகளை ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு முறை வரவழைத்தது. ஒவ்வொரு முறையும் முன்கையில் சின்னச் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கினார்கள். முதல் முறை கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை தங்களுக்குள் ஒத்துவராத ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். சச்சரவுப் பேச்சுக்குப் பின் கொப்புளங்கள் மெதுவாக ஆறின. எப்போதுமே கடுகடுப்பாகப் பேசிக்கொண்ட தம்பதிகளுக்குக் காயம் ஆறும் வேகம், இணக்கமானவர்களின் வேகத்தில் 60 சதவீதம்தான். அரைமணி நேரப் பேச்சு தோலுக்குக் கேட்டிருக்கிறது!

இது நடக்கும் விதத்தில் மர்மம் அதிகம் இல்லை. வெட்டுப்பட்டதும் ரத்தம் உறைகிறது. அடுத்து அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இந்த வீக்கத்தைக் கெட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் கிருமியைத் தின்னும் அணுக்களையும் புதுத் தோல் நெய்யும் அணுக்களையும் கூப்பிடும் கட்டம் அதுதான். சைட்டோகைன்கள் என்ற புரதங்களே அழைப்பு மணி. மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் அந்த மணியின் ஓசையைத் தணித்துவிடுகிறது. வேலையாட்கள் தாமதமாக வந்தால் வேலையும் தாமதம்தான்.

அன்பான பேச்சு செய்ய முடியாதவையும் உண்டு. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கை பொள்ளினால் குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். வெட்டுக்காயத்தில் காப்பித் தூளை அப்புவதைவிட, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பது மேல். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ பேச்சுக் குழறினாலோ தேய்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைதான்.

இந்த நரம்புப் பாதை முழுவதும் ஒரு நிபந்தனையின் பேரில் இயங்குகிறது: கீழிருந்து செய்தி வர வேண்டும். பல ஆண்டுகள் சர்க்கரை நோய் இருந்தவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கலாம். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் அவர்கள் ஆவென்று சொல்ல மாட்டார்கள். சொல்லாததால் யாரும் கேட்பதும் இல்லை. "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. ஆகவே அவர்களிடம் கேட்பதோடு நிற்காமல் பார்க்க வேண்டும். இரவில் படுக்கப்போகும்முன் பாதத்தை விளக்குக்கு நேராகத் திருப்பி, விரலிடுக்குகளையும் குதிகாலையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, தொட்டால் மற்ற காலைவிடச் சூடாக இருக்கிறதா, காலுறையில் ஈரக்கறை பட்டிருக்கிறதா என்று. இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள், வலிக்கவில்லை என்று நோயாளி எத்தனை முறை சொன்னாலும்.