ஆயிரம் பத்திரிகை, அறுநூறு இலை: லினக்ஸின் நினைவகக் கணக்கு

வாசகர் ஒருவரின் கேள்வி: "என் லினக்ஸ் கணினியில் 8 ஜிபி ரேம், 2 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்). நிரல் நினைவகம் கேட்கும் மால்லாக்கில் ஒரே மூச்சாக 20 ஜிபி கேட்டால் மறுக்கிறது. 2 ஜிபியாகப் பத்துத் தடவை கேட்டால் கொடுத்துவிடுகிறது. இது என்ன கணக்கு?"

கல்யாண வீட்டுக் கணக்குதான். ஆயிரம் பத்திரிகை வைத்தாலும் சமையல்காரரிடம் அறுநூறு இலைக்குத்தான் சொல்கிறோம். லினக்ஸின் மையமான கெர்னலும் கேட்டவுடன் ரேமைக் கொடுப்பதில்லை, முகவரிகளை மட்டும் ஒதுக்கிவைக்கும். வழக்கமான அமைப்பில், வந்திருக்கும் இந்த ஒரு கோரிக்கை ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்த 10 ஜிபியைத் தாண்டுகிறதா என்று மட்டுமே பார்க்கும். ஏற்கெனவே கொடுத்த வாக்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

நிரல் அந்த முகவரியில் முதல் பைட்டை எழுதும்போதுதான் வேடிக்கை. எந்த முகவரி ரேமில் எங்கே என்று சொல்லும் பேஜ் டேபிளில் பதிவு இல்லாததால் ப்ராசசர் திகைத்து நின்று கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் 4,096 பைட் கொண்ட ஒரு ரேம் துண்டை, அதாவது பேஜை, தேடியெடுத்து, பூஜ்ஜியத்தால் துடைத்து, டேபிளில் எழுதிவிட்டு, நின்ற கட்டளையை மறுபடி ஓடவிடும். நிரலுக்கு எதுவுமே தெரியாது. எழுதாமல் வாசிக்க மட்டும் செய்தால் இன்னும் சிக்கனம்: எல்லோருக்கும் பொதுவான ஒரே பூஜ்ஜியப் பேஜைக் காட்டிவிடும்!

ஒரு நிரல் தன்னையே நகலெடுக்கும் ஃபோர்க்கிலும் இதே தந்திரம். 6 ஜிபி பிடித்திருக்கும் ரெடிஸ் என்ற தரவுத்தளம், தரவை வட்டில் சேமிக்கத் தன்னையே நகலெடுக்கும்போது, நகலாவது ஏறக்குறைய 12 எம்பி பேஜ் டேபிள் மட்டுமே. பேஜ்கள் இருவருக்கும் பொது. யாராவது எழுதினால் அந்த ஒரு பேஜ் மட்டும் பிரதியாகும். (2 எம்பி பெரிய பேஜ்களை இயக்கியிருந்தால், 2020-இல் வந்த 5.8-க்கு முந்தைய கெர்னல்களில் ஒரு பைட் மாறியதற்கு 2 எம்பியும் பிரதியானது. ரெடிஸ்காரர்கள் அதை அணைக்கச் சொல்ல ஆரம்பித்தது இதனால்தான்.)

ஆயிரம் பேரும் பந்திக்கு வந்துவிட்டால்? நினைவகம் தீர்ந்தால் நிரல்களைக் கொல்லும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஒருவரை எழுப்பி அனுப்பும். ரேம், ஸ்வாப், பேஜ் டேபிள் மூன்றிலும் அதிகம் பிடித்திருப்பவர் யாரோ அவரை. கசிவு ஒரு நிரலில், சாவது தரவுத்தளம் என்று ஆவது இப்படித்தான். கன்டெய்னர் (தனிப் பெட்டிக்குள் ஓடும் நிரல்) 137 என்ற எண்ணோடு நின்றிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்: 128 கூட்டல் கொல்லும் சிக்னல் 9.

இந்தச் சூதாட்டமே வேண்டாம் என்றால் இருப்பைத் தாண்டி வாக்குக் கொடுப்பதைத் தீர்மானிக்கும் ஓவர்கமிட் அமைப்பை 2 என்று வைக்கலாம். வாக்குகளின் மொத்தத்துக்கு வரம்பு வந்துவிடும்: ஸ்வாப் முழுதும், ரேமில் 50 சதவீதமும். நம் வாசகருக்கு 6 ஜிபி. ஸ்வாப்பே இல்லாத சர்வரில் அந்த 50 சதவீதத்தை உயர்த்தாமல் இதைச் செய்தால், பாதி ரேம் காலியாகக் கிடக்கும்போதே மால்லாக் கைவிரிக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் ஆவணம் 2 வைக்கச் சொல்கிறது. ரெடிஸ் ஆவணம், எதையும் மறுக்காத 1 வைக்கச் சொல்கிறது. இரண்டும் சரி. ஒரே கணினியில் இரண்டையும் ஓட்டுவதுதான் வம்பு.

ரேம் காலியாக இருந்தால் கணினி பறக்கும் என்று சுத்தம் செய்யும் செயலிகளை நிறுவுவது ராகுகாலம் பார்ப்பது மாதிரி. காலியான ரேம் யாருக்கும் பயன்படாத ரேம்.

முக்கியமான நிரலைக் காப்பாற்ற அதன் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் மதிப்பைக் குறைக்கலாம். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைக்கு -1000 நல்லது, அதைக் கில்லர் தொடாது. அதற்காக எல்லாவற்றுக்கும் -1000 போட்டுவிடாதீர்கள். கொல்ல ஆளே கிடைக்காத கெர்னல் பேனிக் ஆகி மொத்தமாக நின்றுவிடும்.