தெருவில் நடந்ததைக் காவல் நிலையத்தில் சொன்னீர்களா? கையில் காகிதம் வாங்கினீர்களா?

நகரத்தில் காவல்துறையும் குடியிருப்போரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நீங்கள் சொன்ன தகவல் ஒரு பதிவேட்டில் ஏறினால்தான் அது வேலையாக மாறும். வாயால் சொல்லிவிட்டு வந்தால், கேட்டுக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போகும்போது தகவலும் போய்விடும். அதனால் சட்டம் உங்களுக்கு எந்தக் காகிதத்தைத் தருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நடந்துகொண்டிருக்கும் ஆபத்துக்கு 112 அல்லது 100. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இணைய மோசடியில் பணம் போயிருந்தால் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் இதில் ஒரு மணி நேரத் தாமதம்கூடப் பெரிய இழப்பு.

நடந்து முடிந்த குற்றத்துக்கு எழுத்துப் புகார். தமிழ்நாட்டில் புகார் மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். (சமுதாயப் பணிப் பதிவேடு) ரசீது தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்கு பதிவானது என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து நிற்கிறார்கள். வண்டித் திருட்டு, சங்கிலிப் பறிப்பு, வீடு புகுந்து திருடுவது போன்றவை பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றங்கள், இவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சண்டைச் சத்தம், வசைமொழி போன்ற சிறு தகராறுகள் பலவற்றை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அங்கே சி.எஸ்.ஆரோடு நிற்பதில் தவறில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவை ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் படித்துவைத்திருக்க வேண்டும் என்பேன். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ‘இது எங்கள் லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் கட்டணமில்லாமல் உடனே தர வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அது; இழுத்தடிக்க அல்ல.

பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்; மாநகரங்களில் இது துணை ஆணையர். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பாலியல் வன்முறை, அமில வீச்சு போன்ற குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை உண்டு. வழக்கு பதிந்த பிறகும் உங்கள் உரிமை முடிவதில்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தெருவில் கேமரா வைத்திருக்கிறீர்களா? சம்பவம் நடந்தால் முதல் வேலை, பதிவை நகலெடுத்து வைப்பது. சேமிப்பு நிரம்பியதும் பழைய காட்சிகள் மேல் புதியவை ஏறிவிடும். போலீஸ் கேட்டால் எழுத்து மூலம் கேட்கச் சொல்லலாம். கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். அந்தக் காட்சி நீதிமன்றத்தில் எடுபட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவில் மின்னணுப் பதிவுகளுக்குச் சொல்லியிருக்கும் சான்றிதழும் தேவைப்படும். சங்கத் தலைவர் அதற்கு மலைக்க வேண்டாம். படிவம் சட்டத்திலேயே இருக்கிறது.

சாட்சி சொன்னால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்ற பயம் நியாயமானது. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவர் தன் பெயரைச் சொல்லவே கட்டாயமில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

போலீசுக்கு உதவுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற பொதுமக்கள் தன்னார்வ அமைப்பு பல ஆண்டுகள் ரோந்துக்குத் துணை நின்றது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபின், அதில் இந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழ, அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. சீருடை இல்லாதவர் யாரையும் அடிக்கவோ, நிலையத்தில் விசாரிக்கவோ சட்டம் இடம் தருவதில்லை. திருடன் என்று பிடித்தவரைத் தெருவில் கட்டிவைத்து அடிப்பது இன்னொரு குற்றம். பிடித்தால் தாமதமில்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். வெளியூர் போகும்போது வீடு பூட்டியிருக்கும் தேதிகளை நிலையத்தில் சொல்லிவைத்தால் ரோந்து போலீசார் எட்டிப் பார்ப்பார்கள். அதையும் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.