பெய்யாத பனி

டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பா மகன் போன தையில் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். வாசலில் முழங்காலளவு பனி. புயல் வருகிறதென்று இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பதிலுக்கு நான் நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள கந்தப்பளையில் விடியற்காலை எடுத்த ஒரு படத்தை அனுப்பினேன். புல், தேயிலை, லீக்ஸ் பாத்தி எல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தன. "அங்கேயும் பனி பெய்யுதா அண்ணே?" என்று கேட்டான்.

பெய்யவில்லை. புல் நுனியில் நிற்கும் துளிக்கும், மலையை மூடும் புகைக்கும், கனடாவில் கொட்டுவதற்கும் நாம் பனி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதனால்தான் செய்திகளிலும் "நுவரெலியாவில் பனிப்பொழிவு" என்று வந்துவிடுகிறது. தை, மாசியில் நம் மலைக்கு வருவது உறைபனி. அது மேலேயிருந்து விழுவதில்லை, இலையிலேயே விளைகிறது.

பனிப்புயலுக்கு மேகம் வேண்டும், காற்று வேண்டும், நிறைய ஈரம் வேண்டும். ஈரக்காற்று குளிர்காற்றின் மேல் ஏறி, மேகத்துக்குள் பனிப்படிகமாகி, தரைவரை உருகாமல் வந்து சேர வேண்டும். நம் பக்கம் அது நடக்காது. வெப்பமண்டலத்தில் காற்று பூச்சியப் பாகைக்கு இறங்க ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரம் போகவேண்டும். நம் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2,524 மீட்டர்தான். மேகத்தில் உண்டாகும் படிகம் பாதி வழியிலேயே மழையாகிவிடும்.

உறைபனிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: மேகமில்லாத வானம், அசையாத காற்று, வறண்ட இரவு. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவு முழுக்க அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது கம்பளிபோல அந்தச் சூட்டில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். மாரி மழை ஓய்ந்த தையில் அந்தக் கம்பளி விலகிவிடுகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றும் மெல்லியது, நீராவியும் குறைவு. இலையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும்.

வானிலை நிலையத்தில் வெப்பமானியை ஆள் நெஞ்சுயரத்தில், பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அதில் 3 அல்லது 4 பாகை காட்டும்போதே புல் நுனி பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். "4 பாகையில் எப்படி உறையும்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் தரை என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். குளிர் அங்கேதான் தொடங்குகிறது.

குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து ஓடையோரத்திலும் பள்ளத்திலும் தேங்கும். அதனால் ஒரே தோட்டத்தில் மேட்டு மலை பச்சையாக இருக்க, கீழ் மலை வெளுத்துப்போகும். அந்தக் கீழ் மலையிலும் ஒரு நிழல் மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். கிளை பரந்திருக்கும் அளவுக்கு வட்டமாகத் தேயிலை தப்பியிருக்கும். இலைக்கும் வானத்துக்கும் நடுவே கிளை நிற்கிறது, அவ்வளவுதான். திறந்த வெளியில் உள்ள இலையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் விளிம்பில்தான் படிகம் தடித்திருக்கும், ஊசி ஊசியாக. காற்றிலிருந்த நீராவி துளியாகாமலேயே பனிக்கட்டியாகப் படிந்தது அது.

இதில் ஈரத்தின் வேலை ஆச்சரியமானது. ஒரு கிலோ நீராவி பனித்துளியாகும்போது ஏறக்குறைய 2,500 கிலோயூல் வெப்பத்தை விடுகிறது. ஈரமான இரவில் இலைக்கு இந்தச் சூடு கிடைத்து, குளிர்வது மெதுவாகும். காற்று மிகவும் வறண்டிருந்தால் அதுவும் கிடைக்காது. சில நாள் வெள்ளையே தெரியாமல் கொழுந்து கருகிவிடுவது இதனால்தான்.

கருகுவது வெயில் பட்டு என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். காயம் இரவிலேயே பட்டுவிடுகிறது. கலங்களுக்கு இடையில் உண்டாகும் பனிக்கட்டி கலத்துக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கும், சவ்வு கிழியும். வெயில் வந்து பனி உருகியதும் இலை துவண்டு கறுக்கிறது. சட்டென்று உருகினால் சேதம் கூடும் என்பதும் சரிதான்.

சூரியன் ஏறுமுன் மரக்கறிப் பாத்திகளுக்குத் தண்ணீர் தெளிப்பது நல்ல வழக்கம். தண்ணீர் கொண்டுவரும் சூடு இலைக்குப் போகும். மாலையிலேயே மண்ணை நனைத்து வைப்பதும் உதவும், ஈரமண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும். கவ்வாத்து வெட்டிய செடிமேல் மிலாறு, அதாவது வெட்டி விழுந்த குச்சிகளை, பரப்பினால் அது நிழல் மரக்கிளை செய்யும் வேலையையே செய்கிறது.

ஆனால் பள்ளத்து மலை முழுவதையும் யாராலும் மூட முடியாது. அங்கே கொழுந்து கருகினால் செடி மறுபடி துளிர்க்கப் பல வாரமாகும். அதுவரை கூடையோடு போகும் பெண்களுக்கு அந்த மலையில் பறிக்க ஒன்றும் இருக்காது. கிலோக்கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அந்த வாரங்கள் மிக நீளமானவை.